யாழ்ப்பாணத்திலிருந்து திறந்த மூல மாநாட்டுக்கு: முதல் தடவை போகிறவர்களுக்கான முழுமையான வழிகாட்டி

திறந்த மூல மென்பொருள் (நிரலை எவரும் பார்த்துத் திருத்தக்கூடிய மென்பொருள்) மாநாடுகளில் நடக்கும் உரைகளில் பெரும்பாலானவை பிறகு காணொளியாக இணையத்துக்கு வந்துவிடும். பிரஸ்ஸல்ஸில் நடக்கும் ஃபொஸ்டெமும், டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தை உருவாக்கும் சமூகத்தின் டெப்கொன்ஃபும் உரைகளை நேரலையாகவே காட்டுகின்றன. யாழ்ப்பாணத்தில் வீட்டில் இருந்தபடி எல்லாவற்றையும் பார்க்கலாம். பிறகு எதற்கு இரவு பஸ்ஸில் கொழும்புக்குப் போய், விசாவுக்கு அலைந்து, விமானம் ஏற வேண்டும்?

ஆட்களைச் சந்திக்கத்தான். ஒரு மென்பொருளுக்கு நீங்கள் அனுப்பிய திருத்தத்தை மாதக்கணக்கில் பார்க்காமல் வைத்திருக்கும் அதன் பராமரிப்பாளர் அங்கே தேநீர் வரிசையில் உங்களுக்கு முன்னால் நிற்பார். ஐந்து நிமிடம் பேசினால் அது அன்றைக்கே சேர்க்கப்படலாம். அதைவிட, உங்கள் பெயரும் முகமும் அவர் மனதில் பதிந்துவிடும். அடுத்த முறை நீங்கள் எழுதும் மடலை அவர் வேறு மாதிரி வாசிப்பார். கீழே சொல்லும் ஒவ்வொரு படியும் அந்தச் சந்திப்புக்கான ஆயத்தம்தான்.

1. முதலில் ஒரு வேலையைத் தொடங்குங்கள்

மாநாட்டுக்குப் போன பிறகு பங்களிக்கத் தொடங்கலாம் என்று நினைப்பவர்கள் அதிகம். நான் அதை மறுபக்கமாகச் செய்யச் சொல்வேன். ஆறு மாதத்துக்கு முன்பே ஒரு செயற்திட்டத்தில் கை வையுங்கள். சின்ன வேலையாக இருக்கட்டும். கையில் ஒரு வேலை இருந்தால்தான் அங்கே பேச ஒரு விஷயம் இருக்கும், நிதியுதவி விண்ணப்பத்தில் எழுத ஒரு வரி இருக்கும்.

நிரல் எழுதத் தெரிந்தால்தான் முடியும் என்றில்லை. லிப்ரெஒபிஸ் என்ற அலுவலக மென்பொருளின் தமிழாக்கம் வெப்லேட் தளத்திலும், ஃபயர்பொக்ஸ் உலாவியின் தமிழாக்கம் பொன்டூன் தளத்திலும் நடக்கின்றன. கணக்கைத் திறந்துகொண்டு அன்று இரவே தொடங்கலாம். படத்தில் உள்ள எழுத்தை வாசிக்கும் எழுத்துணரி வேலையில் ஆர்வம் இருந்தால் டெசெராக்ட் என்ற மென்பொருள் இருக்கிறது, அது தமிழையும் வாசிக்கும். பழைய ஈழத்துப் பத்திரிகைப் பக்கங்களில் அது எங்கே தடுமாறுகிறது என்று சோதித்து, மாதிரிப் படங்களோடு வழு (மென்பொருள் பிழை) அறிக்கை எழுதலாம். 2005 முதல் ஈழத்துத் தமிழ் ஆவணங்களை இணையத்தில் சேர்த்துவரும் நூலகம் திட்டத்தில் அப்படியான பக்கங்கள் குவிந்து கிடக்கின்றன.

எங்கள் பக்கத்துக்கே உரிய ஒரு சிக்கலை இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பாமினி. யாழ்ப்பாணத்து அச்சகங்களிலும் அலுவலகங்களிலும் வருடக்கணக்காகத் தட்டச்சான கோப்புகள் பாமினி எழுத்துருவில் இருக்கின்றன. அந்த எழுத்துரு, ஆங்கில எழுத்துகளுக்குரிய குறிகளின் மேல் தமிழ் வடிவங்களைப் போர்த்திவிடுகிறது. எழுத்துரு இல்லாத கணினியில் அதே கோப்பைத் திறந்தால் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகளாகத் தெரியும். தேடினால் எதுவும் அகப்படாது. விசைப்பலகைக் கதையும் இதோடு சேர்ந்ததுதான். தமிழ்நாட்டின் அரச நியமம் தமிழ்99. இலங்கை நியமம் ரெங்கநாதன் அமைப்பு. இங்கே பலருடைய விரல்களுக்குப் பழகியதோ பாமினி ஒழுங்கு. லினக்ஸுக்கு மாற விரும்பும் ஒரு தட்டச்சாளர் முதல் நாளே கைவிடுவதற்கு இந்த ஒரு காரணமே போதும். இந்தச் சிக்கலோடு அன்றாடம் இருக்கிறவர் எழுத்துரு மாற்றிகளையும் விசைப்பலகை அமைப்புகளையும் எழுதுகிறவர்கள் முன் உட்கார்ந்து விளக்கினால் அவர்கள் கவனமாகக் கேட்பார்கள். ஐரோப்பாவில் இருக்கும் நிரலாளர் இதைத் தானாகக் கண்டுபிடிக்கப் போவதில்லை.

வெறும் பார்வையாளராகப் போகிறோம் என்ற எண்ணத்தோடு போகவும் வேண்டாம். 2004 டிசம்பர் கடற்கோளுக்குப் பின் இலங்கைத் தொண்டர்கள் எழுதிய சஹானா என்ற அனர்த்த முகாமைத்துவ மென்பொருள், 2006க்கான கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் சமூக நலன் விருதைப் பெற்றது. 2010 ஹெய்ட்டி நிலநடுக்கத்திலும் அதைப் பயன்படுத்தினார்கள். இந்தத் தீவு திறந்த மூலத்தில் ஏற்கனவே தன் பங்கைச் செய்திருக்கிறது.

2. எந்த மாநாடு என்று தெரிவு செய்வது

பெயர் பெரிய மாநாட்டுக்கே முதலில் போக வேண்டும் என்று நினைக்காதீர்கள். ஃபொஸ்டெம் ஒவ்வோர் ஆண்டும் குளிர்காலத்தில், பெப்ரவரி தொடக்கத்தை ஒட்டிய ஒரு வார இறுதியில், பிரஸ்ஸல்ஸ் பல்கலைக்கழக வளாகத்தில் நடக்கிறது. நுழைவு இலவசம், பதிவும் தேவையில்லை. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் ஆயிரக்கணக்கானோர் வருகிறார்கள். அறை நிறைந்தால் கதவை மூடிவிடுவார்கள். யாரையும் தெரியாத முதல் தடவைக்காரர் அந்தக் கூட்டத்தில் இரண்டு நாளும் தனியாகவே சுற்றிவிட்டு வர வாய்ப்பு அதிகம். பதிவே இல்லாததால் விசாவுக்குக் காட்ட நுழைவுச்சீட்டும் இருக்காது. பேச்சாளராகத் தேர்வானால், அல்லது உங்கள் செயற்திட்டம் அங்கே கூடுகிறதென்றால் மட்டும் யோசியுங்கள்.

என் தெரிவு டெப்கொன்ஃப் போன்ற நடுத்தர மாநாடுகள். ஒரு வாரம் முழுக்க ஒரே இடத்தில் தங்கி, ஒரே மேசையில் சாப்பிட்டு, இரவில் ஒன்றாக உட்கார்ந்து வேலை செய்வார்கள். அதற்கு முந்தைய வாரம் டெப்காம்ப் என்ற பெயரில் வேலை முகாமும் நடக்கும். கூச்சமுள்ளவர்களுக்கு நாட்கள் நீள நீளத்தான் வாய் திறக்கும். ஆகவே ஒரு வாரம் என்பது பெரிய வசதி. டெப்கொன்ஃப் ஒவ்வோர் ஆண்டும் நாடு மாறும்: 2023இல் கேரளத்தின் கொச்சி, 2024இல் தென்கொரியாவின் பூசான், 2025இல் பிரான்ஸின் பிரெஸ்ட்.

ஆசியாவுக்குள் 2009இல் தொடங்கிய ஃபொஸ்ஏசியா மாநாடு இருக்கிறது. பல ஆண்டுகள் சிங்கப்பூரில் நடந்தது, 2024இல் ஹனோய்க்கும் 2025இல் பாங்கொக்குக்கும் போனது. லினக்ஸ் கணினியின் திரை இடைமுகங்களில் ஒன்றான நோம் மேசைத்தளத்தின் ஆசிய மாநாடும் நாடு நாடாக மாறுவதுதான். பக்கத்தில் என்றால் இந்தியா: பெங்களூரில் இந்தியாஃபொஸ் மாநாடு, பைதன் நிரல்மொழிக்காக 2009 முதல் நடக்கும் பைகொன் இந்தியா, அடிக்கடி வரும் சிறிய டெபியன் கூட்டங்கள். தமிழில் சந்தேகம் கேட்கக்கூடியவர்கள் அங்கே நிச்சயம் இருப்பார்கள் என்பதால் முதல் பயணத்துக்கு இந்தியாவைத் தாராளமாகப் பரிந்துரைப்பேன்.

3. பணம்

பேச்சு அழைப்பும் (உரையாற்ற விரும்புவோர் விண்ணப்பிப்பதற்கான அறிவிப்பு) நிதியுதவி விண்ணப்பமும் மாநாட்டுக்குப் பல மாதங்கள் முன்பே திறந்து மூடிவிடும். மாநாட்டு அறிவிப்பைக் கண்டதும் முதலில் தேட வேண்டியது அந்த இரண்டு முடிவுத் திகதிகளைத்தான்.

டெப்கொன்ஃபில் பதிவுப் படிவத்திலேயே உதவி கேட்கலாம். சாப்பாடு, தங்குமிடம், பயணம் என்று தனித்தனியாகக் கேட்கும் வசதி உண்டு. லிப்ரெஒபிஸின் பின்னால் இருக்கும் அறக்கட்டளை, நோம் போல இன்னொரு மேசைத்தளத்தை உருவாக்கும் கேடிஈ அமைப்பு, நோம் அறக்கட்டளை ஆகியவையும் தங்கள் பங்களிப்பாளர்களுக்குப் பயண உதவி செய்கின்றன. விக்கிப்பீடியா பங்களிப்பாளர்களின் மாநாடான விக்கிமேனியாவுக்குப் புலமைப்பரிசில் உண்டு. தமிழ் விக்கிப்பீடியாவில் தொடர்ந்து எழுதுகிறவர்கள் அதை விட்டுவிடக் கூடாது.

விண்ணப்பத்தில் எங்கள் பிள்ளைகள் செய்யும் பொதுவான தவறு, வறுமையையும் ஆர்வத்தையும் மட்டும் எழுதுவது. வாசிப்பவர்கள் தேடுவது வேறு. என்ன செய்திருக்கிறீர்கள், அங்கே வந்து யாரோடு என்ன செய்யப் போகிறீர்கள், திரும்பிப் போய் என்ன செய்வீர்கள். “திறந்த மூலத்தில் எனக்கு மிகுந்த ஆர்வம்” என்று எழுதுவதைவிட, “இந்த மென்பொருளின் தமிழ் இடைமுகத்தில் இத்தனை வரிகள் மொழிபெயர்த்தேன், நீளமான சொற்கள் பொத்தானுக்கு வெளியே போகும் வழுவைப் பராமரிப்பாளரோடு உட்கார்ந்து தீர்க்க வேண்டும்” என்று எழுதுங்கள், இணைப்பையும் கொடுங்கள். செலவை உள்ளபடி கணக்கிட்டுக் கேளுங்கள். யாழ்ப்பாணத்திலிருந்து கட்டுநாயக்காவுக்குப் போகும் பஸ் செலவும் பயணச் செலவுதான், வெட்கப்படாமல் சேருங்கள்.

ஒரு எச்சரிக்கை. பல உதவிகளில் பணம் பயணம் முடிந்த பிறகுதான் கைக்கு வரும். விமானச்சீட்டை முதலில் நீங்கள் வாங்க வேண்டியிருக்கும். அந்தத் தொகை கையில் இல்லையென்றால் அதை ஒளிக்காமல் அமைப்பாளருக்கு எழுதுங்கள். முன்கூட்டியே தாங்களே சீட்டு வாங்கித்தர முடியுமா என்று கேட்பதில் ஒரு குறையும் இல்லை. கடன் வாங்கித்தான் போக வேண்டும் என்றால், உதவி உறுதியானது என்ற மடல் வந்த பிறகு மட்டும் வாங்குங்கள். உங்கள் வங்கி அட்டை வெளிநாட்டுக் கொடுப்பனவுக்குத் திறந்திருக்கிறதா என்று கிளையில் கேட்டு, வெளிநாட்டிலிருந்து பணம் பெறத் தேவையான ஸ்விஃப்ட் குறியீட்டையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

4. பெயர், கடவுச்சீட்டு, விசா

எங்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. தகப்பன் பெயர் முன்னால், சொந்தப் பெயர் பின்னால். படிவங்களோ முதற்பெயர், கடைசிப்பெயர் என்று இரண்டு பெட்டி வைத்துக்கொண்டு நிற்கும். ஒரு படிவத்தில் ஒரு மாதிரியும் இன்னொன்றில் இன்னொரு மாதிரியும் நிரப்பினால், அழைப்புக் கடிதத்தில் ஒருவர், விமானச்சீட்டில் இன்னொருவர் என்றாகிவிடும். எனவே கடவுச்சீட்டில் எந்தப் பெட்டியில் எது இருக்கிறதோ, அதே எழுத்துக்கூட்டலில், அதே ஒழுங்கில் எல்லாப் படிவங்களையும் நிரப்புங்கள். இனிஷலைச் சுருக்கக் கூடாது. கழுத்தில் தொங்கும் மாநாட்டு அட்டையில் மட்டும் உங்களைக் கூப்பிடும் சின்னப் பெயரைப் போடுங்கள். அதைத்தான் எல்லாரும் வாசிப்பார்கள்.

கடவுச்சீட்டு பயணம் முடிந்தும் ஆறு மாதத்துக்குச் செல்லுபடியாக இருக்கட்டும். பதிவு செய்ததும் விசா அழைப்புக் கடிதம் கேளுங்கள். அதில் கடவுச்சீட்டு இலக்கம், மாநாட்டுத் திகதிகள், செலவை யார் ஏற்கிறார்கள் என்ற மூன்றும் இருக்க வேண்டும்.

சிங்கப்பூருக்கு இலங்கைக் கடவுச்சீட்டில் குறுகிய பயணத்துக்கு விசா தேவையில்லை. வருகை அட்டையை மட்டும் போவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். இந்தியாவுக்கு ஈ-விசா உண்டு, அதில் மாநாட்டுக்கென்று தனி வகையும் இருக்கிறது. எந்த வகையில் விண்ணப்பிக்க வேண்டும் என்று அமைப்பாளரிடம் கேட்டு அதன்படியே செய்யுங்கள். சுற்றுலா விசாவில் சமாளிக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம். ஐரோப்பாவுக்கு ஷெங்கன் விசா: பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், கடைசி எல்லை 15 நாள். கட்டணம் 90 யூரோ, குறைந்தது 30,000 யூரோவுக்குப் பயணக் காப்புறுதி. விரல் அடையாளம் கொடுக்க நேரில் போக வேண்டும். 15 நாள் என்று சட்டம் சொன்னாலும், குறைந்தது இரண்டு மாதம் முன்பாக ஆவணங்களைக் கொடுத்துவிடுங்கள். நேர ஒதுக்கீடு கிடைப்பதற்கே வாரங்கள் போய்விடலாம்.

விசா மறுக்கப்பட்டால் அமைப்பாளருக்கு உடனே எழுதுங்கள். பேச்சாளர் என்றால் இணையவழி பேச இடம் தர வாய்ப்பு உண்டு, உதவித்தொகையும் இன்னொருவருக்குப் பயன்படும்.

5. வீட்டுக்குச் சொல்லும் பதில்

இதை எந்த ஆங்கில வழிகாட்டியிலும் காணமாட்டீர்கள், ஆனால் யாழ்ப்பாணத்தில் இது ஒரு படிதான். குறிப்பாகப் பெண்பிள்ளைகளுக்கு. “யாரோடு போகிறாய், எங்கே தங்குகிறாய், யார் காசு கொடுக்கிறார்கள், எதற்குக் கொடுக்கிறார்கள்?” வெளிநாட்டுக்காரர் ஏன் சும்மா விமானச்சீட்டு எடுத்துத் தருகிறார்கள் என்ற அம்மாவின் சந்தேகம் நியாயமானது. இந்தப் பெயரில் ஏமாற்றுவோரும் இருக்கிறார்கள்.

பதிலைப் பேச்சாக இல்லாமல் தாளாகக் கொடுங்கள். அழைப்புக் கடிதம், தங்குமிட முகவரி, போன ஆண்டு மாநாட்டின் குழுப்படம், அமைப்பாளரின் தொடர்பு எண். மாநாட்டுக்கென நடத்தை விதிக்கோவை இருக்கும். யாராவது தொல்லை கொடுத்தால் யாரிடம் சொல்வது என்று அதில் எழுதியிருப்பார்கள். அதை வாசித்துக் காட்டுங்கள். அறையைப் பகிர விருப்பமில்லை, அல்லது பெண்களோடு மட்டும் பகிர விருப்பம் என்றால் பதிவின்போதே எழுதிவிடலாம். எங்கேயாவது, உதவித்தொகை கிடைக்க முதலில் நீங்கள் “பதிவுக் கட்டணம்” அனுப்ப வேண்டும் என்று தனிப்பட்ட கணக்கு இலக்கம் தந்தால், அது மாநாடே அல்ல.

6. புறப்படுவது

கட்டுநாயக்காவுக்குப் போக, புத்தளம், நீர்கொழும்பு வழியாக ஓடும் இரவு பஸ் என்றால் கொழும்பு வரை போகாமல் இடையிலேயே இறங்கிக்கொள்ளலாம். ஏறும்போதே நடத்துனரிடம் சொல்லிவிடுங்கள். விமானம் காலையில் என்றால் முதல் நாள் இரவு பஸ்ஸை நம்பாமல் ஒரு நாள் முந்திப் போவது நல்லது. தென்னிந்திய மாநாடு என்றால் பலாலியிலிருந்தே சென்னைக்குப் பறக்கலாம். காங்கேசன்துறை–நாகபட்டினம் கப்பலும் 2023இல் தொடங்கியது. ஆனால் ஈ-விசா எல்லாத் துறைமுகங்களிலும் ஏற்கப்படுவதில்லை. சீட்டு வாங்குமுன் அதை உறுதிசெய்யுங்கள்.

பைக்குள் லப்டொப், சாஜர், நாட்டுக்கேற்ற பிளக் மாற்றி, எல்லா ஆவணங்களின் அச்சுப் பிரதி. சைவச் சாப்பாடு என்றால் பதிவுப் படிவத்தில் குறித்திருப்பீர்கள், என்றாலும் முதல் நாளுக்கு ஏதாவது கையில் வைத்திருங்கள். பருத்தித்துறை வடை நன்றாகத் தாங்கும், அதோடு பகிர்ந்து சாப்பிட ஒரு காரணமும் ஆகும்.

டெபியன் போன்ற சமூகங்களில் சாவிக் கையொப்பம் என்று ஒன்று நடக்கும். ஒருவர் மற்றவரின் கடவுச்சீட்டைப் பார்த்து, அவருடைய குறியாக்கச் சாவி (இணையத்தில் கையொப்பமிடப் பயன்படுவது) அவருடையதுதான் என்று சான்றளிப்பது. உங்கள் சாவியின் கைரேகை இலக்கத்தை (சாவியை அடையாளம் காட்டும் சுருக்க எண்) சின்னத் துண்டுகளில் அச்சடித்துக்கொண்டு போங்கள். யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு இதற்கு ஆள் தேடுவது கஷ்டம்.

7. அங்கே போன பிறகு

எல்லா உரைகளுக்கும் ஓடாதீர்கள். ஒரு நாளில் இரண்டு அல்லது மூன்றைக் குறித்துக்கொள்ளுங்கள், மற்ற நேரத்தை நடைபாதைக்கு விடுங்கள். உரைக்குள்ளும் பேச்சாளர் முடித்து இறங்கும் நேரம்தான் முக்கியம். அப்போது மேடைக்குப் பக்கத்தில் நில்லுங்கள்.

சந்திக்க வேண்டியவர்களின் பெயர்களை வீட்டிலேயே எழுதிக்கொண்டு, மாநாட்டுக்கு ஒரு வாரம் முன் அவர்களுக்குச் சுருக்கமாக எழுதுங்கள்: “நான் இந்த வழுவை அறிக்கையிட்டவர். இரண்டாம் நாள் மதியம் பத்து நிமிடம் கிடைக்குமா?” பெரும்பாலும் சம்மதிப்பார்கள். முன்பின் தெரியாதவரிடம் பேச்சைத் தொடங்குவதற்கு மிக எளிய கேள்வி, “நீங்கள் எதில் வேலை செய்கிறீர்கள்?” என்பதுதான். அதன் பிறகு அவரே பேசுவார். உங்களைக் கேட்கும்போது சொல்ல இரண்டு வசனங்களை ஆங்கிலத்தில் பலமுறை சொல்லிப் பழகியிருங்கள்: எங்கிருந்து வருகிறீர்கள், எதில் வேலை செய்கிறீர்கள், எங்கே சிக்கி நிற்கிறீர்கள்.

ஆங்கிலம் சரளமாக வராது என்ற பயத்தால் போகாமல் நின்றவர்களை எனக்குத் தெரியும். அங்கே வருகிறவர்களில் பெரும்பகுதியினருக்கு ஆங்கிலம் தாய்மொழி இல்லை. கொரியர், பிரேசில்காரர், ஜேர்மானியர் எல்லாரும் தட்டுத்தடுமாறித்தான் பேசுவார்கள். விளங்காவிட்டால் “இன்னொரு தடவை மெதுவாகச் சொல்லுங்கள்” என்று கேளுங்கள். லப்டொப்பைத் திறந்து வழுவைக் காட்டிவிட்டால் பாதிப் பேச்சு தேவைப்படாது.

நாலைந்து பேர் வட்டமாக நின்று பேசும்போது எப்படி உள்ளே போவது? பல மாநாடுகளில் பாக்மன் விதி என்று ஒன்றைச் சொல்வார்கள், எரிக் ஹோல்ஷர் என்ற நிரலாளர் பரப்பியது. வட்டமாக நிற்கிறவர்கள் இன்னும் ஒருவர் வந்து சேர எப்போதும் ஓர் இடைவெளி விட்டு நிற்க வேண்டும். அந்த இடைவெளி உங்களுக்காக விடப்பட்டதுதான், போய் நில்லுங்கள். அடுத்தவர் வந்தால் நீங்களும் விடுங்கள். இன்னொன்று: இலங்கை, தமிழ்நாட்டுக்காரர்களைக் கண்டதும் அவர்களோடு மட்டுமே ஒட்டிக்கொள்ளும் பழக்கம் எங்களுக்கு உண்டு. இரவுச் சாப்பாட்டுக்கு அது சரி. பகலில் பிரிந்து போங்கள்.

மின்னல் உரை என்று ஐந்து நிமிட உரைகளுக்கு இடம் வைத்திருப்பார்கள், அங்கேயே பெயர் கொடுக்கலாம். கொடுங்கள். பாமினிக் கோப்பொன்றை எழுத்துரு இல்லாமல் திறந்தால் எப்படி இருக்கும் என்று ஒரு படம், மாற்றிய பிறகு ஒரு படம், உங்களுக்கு என்ன உதவி வேண்டும் என்று ஒரு வரி. மூன்று படவில்லை போதும். மேடையில் ஐந்து நிமிடம் நின்றவரிடம் அன்று மாலை ஆட்கள் தாங்களாகவே வந்து பேசுவார்கள், நீங்கள் யாரையும் தேடிப் போகத் தேவையே இல்லாமல் போகும். ஒத்த ஆர்வமுள்ளவர்கள் கூடும் சிறு அமர்வுகளுக்கும் இப்படித்தான்: “சிக்கலான எழுத்துமுறைகள்” என்று ஒரு அறையைப் பதிந்தால் சிங்களம், தாய், மலையாளம், பர்மியம் என்று உங்களைப் போலவே அவதிப்படுகிறவர்கள் வந்து சேர்வார்கள்.

மாலை விருந்துகளில் மது இருக்கலாம். வேண்டாம் என்றால் வேண்டாம், யாரும் வற்புறுத்த மாட்டார்கள். களைத்தால் அறைக்குப் போய்ப் படுங்கள். படம் எடுக்குமுன் கேளுங்கள். படம் வேண்டாம் என்பவர்கள் வேறு நிறக் கழுத்துப்பட்டி அணியும் மாநாடுகளும் உண்டு.

ஒவ்வொரு இரவும் படுக்குமுன் யாரைச் சந்தித்தீர்கள், என்ன பேசினீர்கள், யார் என்ன செய்வதாகச் சொன்னார்கள் என்று எழுதிவையுங்கள். மூன்றாம் நாள் எல்லா முகமும் கலந்துவிடும்.

8. திரும்பி வந்ததும்

முதல் வேலை, பயண உதவிக் கணக்கு. பற்றுச்சீட்டுகள், விமான நுழைவட்டை, பஸ் சீட்டு எல்லாவற்றையும் படமெடுத்து உடனே அனுப்புங்கள். அதற்கும் முடிவுத் திகதி இருக்கும்.

ஒரு வாரத்துக்குள் சந்தித்தவர்களுக்கு எழுதுங்கள். நன்றி மட்டும் எழுதினால் அது அங்கேயே முடிந்துவிடும். பேசிய விஷயத்தின் அடுத்த துண்டையும் சேர்த்து அனுப்புங்கள். “சொன்ன மாதிரியே திருத்தம் இதோ, பார்த்துச் சொல்லுங்கள்.” நீங்கள் ஒத்துக்கொண்ட வேலை பெரியதாகத் தெரிந்தால், முடியாது என்பதையும் அந்த வாரமே சொல்லிவிடுங்கள். பதில் சொல்லாமல் இருப்பதைவிட அதை அவர்கள் எவ்வளவோ மேலாக எடுத்துக்கொள்வார்கள்.

அப்புறம், கண்டதைத் தமிழில் சொல்லுங்கள். யாழ் பல்கலைக்கழகக் கணினி மாணவர்கள் மத்தியிலோ, யாழ் ஐரி ஹப் போன்ற அமைப்புகளின் கூட்டத்திலோ ஒரு மணி நேரம் கேட்டால் கிடைக்கும். செப்டெம்பர் மூன்றாம் சனிக்கிழமையை ஒட்டி உலகமெங்கும் மென்பொருள் சுதந்திர நாள் கொண்டாடுகிறார்கள், 2004 முதல். அந்த நாளுக்கு ஒரு மண்டபமும், இணைய இணைப்பும், நாலு லப்டொப்பும் போதும். பாதி நேரம் பேசுங்கள், மீதி நேரம் வந்தவர்கள் ஒவ்வொருவரும் வெப்லேட்டில் கணக்குத் திறந்து பத்து வரி மொழிபெயர்க்கட்டும். அடுத்த ஆண்டுக்கான பேச்சு அழைப்பும் நிதியுதவியும் எப்போது மூடுகின்றன என்று பலகையில் எழுதிப்போட்டு, போக விரும்புகிறவர்களின் விண்ணப்பங்களை அங்கேயே உட்கார்ந்து ஒன்றாக எழுதுங்கள்.